நாலு அங்குல இடம்

பேய்க் கதை என்றால் நடுராத்திரி பன்னிரண்டு மணி அடிக்க வேண்டும் என்பீர்கள். இது ஆரம்பித்தது மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு. நல்ல வெயில். ஜனவரி மாதத்து டெக்சாஸ் வெயில், வெளிச்சம் மட்டும் இருக்கும், சூடு இருக்காது.

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். சத்தமாகச் சொல்கிற கதை இல்லை இது.

பிளானோவிலிருந்து தென்கிழக்கே இரண்டரை மணி நேரம் ஓட்டினால் பைன் மரக் காடு வரும். ஃப்ரீவேயை விட்டு இறங்கி, ஒற்றை ரோட்டில் பதினெட்டு மைல் உள்ளே போக வேண்டும். அந்தப் பதினெட்டு மைலில் எதிரே ஒரு வண்டி வரவில்லை. வழியில் இருந்த ஒரே கேஸ் ஸ்டேஷனும் பூட்டிக் கிடந்தது. போனில் சிக்னல் ஒரு கோடு காட்டியது... அப்புறம் அதுவும் போயிற்று.

வண்டியை ஓட்டியவள் வான்மதி. சன்னிவேலில் வேலை பார்க்கிறானே நம் முகிலன், அவனுடைய சொந்த அக்கா. திருச்சிக்காரி. பாய்லர்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது அவள் தொழில். பிளானோவில் சின்னதாக ஒரு கம்பெனி வைத்திருந்தாள். கணவன் மதன், ஆறு வயதில் வெண்பா என்று ஒரு பெண். பக்கத்து சீட்டில் கோபாலசாமி. பொள்ளாச்சிக்காரர், ஐம்பத்தைந்து வயது, கனத்த உடம்பு, இரண்டு முழங்காலிலும் வலி. அவளிடம்தான் வேலை பார்த்தார். அவள் அளப்பாள், அவர் எழுதுவார்.

போன இடம் ஒரு பழைய ரயில் ஷெட். உள்ளே ஒரு நீராவி எஞ்சின் நின்றது.

அந்த எஞ்சின் பிறந்தது அமெரிக்காவில்தான். 1943இல், யுத்தத்துக்காகச் செய்து, கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ஐரோப்பாவில் எங்கெங்கோ ஓடி, கடைசியில் போலந்தில் ஒரு நிலக்கரி யார்டில் துருப்பிடித்து நின்றது. இங்கிலாந்தின் வடக்கே பழைய ரயில்களைக் காப்பாற்றி ஓட்டுகிற ஒரு குழு அதை வாங்கிக்கொண்டு போனது. அந்த நாட்டில் அப்படி நிறைய லைன்கள் உண்டு. ரிடையர் ஆனவர்கள் சம்பளமில்லாமல் வேலை செய்து, சனி ஞாயிறுகளில் பத்து மைலுக்கு எஞ்சின் ஓட்டி, டிக்கெட்டும் டீயும் விற்பார்கள். போலந்து எஞ்சின், நார்வே எஞ்சின் என்று வெளிநாட்டில் செய்தவைகூட அவர்களிடம் இருக்கும். இது அங்கே நாற்பது வருஷம் இருந்தது. இப்போது இரவலாக ஒரு வருஷத்துக்கு டெக்சாஸ் வந்திருந்தது. மார்ச்சில் பயணிகளை ஏற்றுவதாக இருந்தார்கள். அதற்கு முன் யாராவது பாய்லருக்குள் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். முதலில் கூப்பிட்ட இரண்டு இன்ஸ்பெக்டர்களுக்கும் பாய்லரின் குறுகலான வாசலில் தோள் நுழையவில்லை. வான்மதி ஒல்லி.

ஷெட்டைப் பார்த்துக்கொண்ட டேல் என்கிற பெரியவர் கதவைத் திறந்துவிட்டார். ஏதோ வால்வு வாங்க டவுனுக்குப் போகிறேன், நாலு மணிக்குள் வந்துவிடுவேன் என்று கிளம்பிவிட்டார். அவருடைய டிரக் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. அப்புறம் எதுவுமே கேட்கவில்லை.

ஷெட் முழுக்க நனைந்த சாம்பல் வாசனை. திருச்சியில் ஓயாமாரிச் சுடுகாட்டுப் பக்கம், ராத்திரி மழை பெய்த மறுநாள் காலையில் அடிக்குமே... அந்த வாசனை என்று அவளுக்குத் தோன்றியது. வாய்விட்டுச் சொல்லவில்லை.

எஞ்சின் டிரைவர் நிற்கிற இடத்தில் ஒரு நீள்வட்ட ஓட்டை இருக்கும். நிலக்கரி அள்ளிப் போடுகிற வாசல். அதற்கு இரும்புக் கதவு. அந்த வாசல் வழியாக, முதலில் ஒரு கை, ஒரு தோள், தலை, பிறகு அடுத்த தோள்... அப்படித்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே போனால் ஒரு இரும்பு அறை. ஃபயர்பாக்ஸ் என்பார்கள், நெருப்பு எரிகிற இடம். நிமிர்ந்து நிற்க முடியாது. தரை முழுக்க இரும்புச் சட்டங்கள், அவற்றுக்குக் கீழே சாம்பல் விழுகிற தொட்டி. சுவர் முழுக்க நெல்லிக்காய் அளவில் போல்ட் தலைகள், வரிசை வரிசையாக, நூற்றுக்கணக்கில்.

ஒன்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவர் ஒற்றைச் சுவர் கிடையாது. உள்ளே ஒரு தகடு, வெளியே ஒரு தகடு. நடுவில் நாலு அங்குல இடம். எஞ்சின் ஓடும்போது அதில் தண்ணீர் நிற்கும். இரண்டு தகட்டையும் பிடித்துக்கொண்டிருப்பவைதான் அந்த போல்ட்டுகள். அன்றைக்குத் தண்ணீரை வடித்திருந்தார்கள். நடுவில் வெறும் இருட்டு. ஒரு கை நுழைகிற அகலம், அவ்வளவுதான்.

"லைட் ஓகேங்களா?" என்றார் கோபாலசாமி வாசலில் குனிந்து.

"ஓகே சார். நம்பர் சொல்லச் சொல்ல எழுதிக்கோங்க. ரெண்டரை மணி நேரத்துல முடிச்சிடலாம். வெண்பாவுக்கு இன்னைக்கு நைட் தோசை ப்ராமிஸ் பண்ணியிருக்கேன்."

வேலை ஆரம்பித்தது. கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும்போது தடவுவார்களே ஜெல், அதைத் தடவி, மீட்டரை வைத்தால் இரும்பின் தடிமன் தெரியும். கூடவே சின்னச் சுத்தியலால் போல்ட் தலையில் ஒரு தட்டு. நல்ல போல்ட் 'டிங்' என்று பேசும். உடைந்த போல்ட் 'டொக்' என்னும்.

டிங்.

"ஒண்ணு. பாயிண்ட் த்ரீ செவன் டூ. எழுதிக்கோங்க."

"ம்... சொல்லுங்கம்மா."

இப்படியே தொண்ணூறு வரை வந்தாள். இடது சுவர், ஐந்தாவது வரிசை. தொண்ணூற்றொன்றாவது போல்ட்டைத் தட்டினாள். டிங்.

டிங்... என்று இன்னொரு சத்தம் வந்தது. சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து.

எதிரொலி என்று நினைத்தாள். மறுபடியும் தட்டினாள். இந்தத் தடவை உடனே வரவில்லை. இரண்டு விநாடி கழித்து வந்தது. அதே இடத்தில் இல்லை, ஒரு முழம் தள்ளி.

"கோபால் சார்... வெளிய ஏதாவது தட்டறீங்களா?"

திரும்பிப் பார்த்தாள். வாசல் இல்லை. அதாவது, வாசல் இருந்த இடத்தில் நீள்வட்டமாகத் தெரிந்த வெளிச்சம் இல்லை. கதவு மூடியிருந்தது. கனத்த இரும்புக் கதவு, மூடினால் ஷெட்டே அதிர வேண்டும். எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

"கோபால் சார்!"

அந்தக் கத்தலில் இரும்பு அறை மொத்தமும் கணீரென்றது. அவள் காதே வலித்தது. தட்டல் சட்டென்று நின்றது. எப்படி நின்றது என்றால்... ஒருவர் பேச ஆரம்பித்ததும் மற்றவர் வாயை மூடிக்கொண்டு கவனிப்பாரே, அப்படி.

"கோபால் சார், கதவு மூடிக்கிச்சு! தொறங்க!"

இந்தத் தடவை குரல் கொஞ்சம் சின்னதாகக் கேட்டது. அடுத்த ரூமில் வேறு யாரோ கத்துவது மாதிரி. அவள் கதவை முட்டித் தள்ளிக்கொண்டு மூன்றாம் தடவை கத்தினாள். தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக் கத்தியது போலிருந்தது. நாலாவது தடவை அடிவயிற்றிலிருந்து கத்தினாள். வாய் திறந்தது, மூச்சு வெளியே போனது, தொண்டை எரிந்தது. சத்தம் வரவில்லை.

காது அடைத்துவிட்டதோ என்று நினைத்தாள். சுத்தியலை எடுத்துக் கதவில் ஓங்கி அடித்தாள். கணீர். நன்றாகக் கேட்டது.

காதில் ஒன்றும் இல்லை.

அப்போது தட்டல் மறுபடி ஆரம்பித்தது. இப்போது இடது சுவரில் மட்டும் இல்லை. வலது சுவரில், முன்னால், தலைக்கு மேலே. டிங். டிங் டிங். டிங். அவசரமே இல்லாமல். நாலு அங்குல இடத்தில் ஒருவர் நடந்துகொண்டே போல்ட்டுகளைச் சோதித்துப் பார்ப்பது மாதிரி, ஒவ்வொரு போல்ட்டாக, அவளைச் சுற்றிச் சுற்றி.

கைக்கடிகாரத்தில் மணி இரண்டு முப்பத்தொன்று. கதவை உதைத்தாள். தோளால் இடித்தாள். சுத்தியலின் பிடி உடையும் வரை அடித்தாள். கதவு அசையவில்லை. வெளியே மூன்றடி தூரத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார், இந்தச் சத்தம் கூடவா அவருக்குக் கேட்காது? அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதா? ஹார்ட் அட்டாக்கா? டேல் நாலு மணிக்கு வருவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மனசுக்குள்தான் சொல்ல முடிந்தது. அழுதாள். அழுகைக்கும் சத்தம் இல்லை. தன் விசும்பலைத் தானே கேட்க முடியாமல் அழுவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. கன்னத்தில் தரைச் சட்டம் அழுத்தியது. அந்த வலியில்தான் புத்தி வேலை செய்தது. கீழே சாம்பல் தொட்டி இருக்கிறது. தொட்டிக்கு அடியில் சாம்பலைக் கொட்டுவதற்கு ஒரு கதவு இருக்கும். அதற்கும் கீழே தண்டவாளத்துக்கு நடுவே பள்ளம்.

சட்டங்களைப் பிடித்து ஆட்டினாள். ஒன்று அசைந்தது. உடைந்த சுத்தியல் பிடியை இடுக்கில் கொடுத்து நெம்பினாள். நகம் இரண்டு பிய்ந்தது. ஒரு சட்டம் வந்தது. இன்னொன்று. மூன்றாவது வர ரொம்ப நேரமாயிற்று. காலை முதலில் விட்டு, இடுப்பைத் திருகி, கீழே இறங்கினாள். அவள் இறங்க இறங்க, சுவரில் தட்டலும் கூடவே இறங்கி வந்தது. தோள் உயரம். முழங்கால் உயரம். கடைசியில் தரையோரத்தில், அவள் காதுக்கு நேராக, ஒரே ஒரு தட்டு.

தொட்டியில் ஈரச் சாம்பல் மூக்கு வரை இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கீழே உதைத்தாள், உதைத்துக்கொண்டே இருந்தாள். கதவு பிய்ந்துகொண்டு திறந்தது. சாம்பலோடு சாம்பலாகப் பள்ளத்தில் போய் விழுந்தாள்.

பகல் வெளிச்சம். ஷெட்டின் தகரக் கூரை. காற்று.

பள்ளத்தில் தவழ்ந்து, எஞ்சினின் அடியிலிருந்து வெளியே வந்து, சக்கரத்தைப் பிடித்து எழுந்து நின்றாள். கோபாலசாமியைப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் நினைப்பு. நாலடி எடுத்து வைத்தாள்.

அப்போது கேட்டது.

"இருநூத்தி முப்பத்தி எட்டு. பாயிண்ட் த்ரீ சிக்ஸ் ஃபைவ். எழுதிக்கோங்க."

அவளுடைய குரல். அதே திருச்சிப் பேச்சு. நிதானமாக, களைப்பே இல்லாமல்.

"ம்... சொல்லுங்கம்மா" என்றார் கோபாலசாமி.

ஏணியில் இரண்டு படி ஏறி எட்டிப் பார்த்தாள். அவர் ஃபயர்பாக்ஸ் வாசலுக்கு எதிரே மடக்கு சீட்டில் உட்கார்ந்திருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, மடியில் அட்டை, கையில் பேனா. வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே ஒரு விளக்கு வெளிச்சம் மெதுவாக அசைந்துகொண்டிருந்தது.

டிங்.

"இருநூத்தி முப்பத்தி ஒம்போது. பாயிண்ட் த்ரீ செவன் ஜீரோ."

கூப்பிட வாயைத் திறந்தாள். வரவில்லை. ஏறிப் போய் அவர் தோளில் கை வைத்தாள்.

அவர் திரும்பினார். தலையிலிருந்து கால் வரை சாம்பல், விரலில் ரத்தம், திறந்த வாய். முதலில் அவருக்கு யாரென்றே தெரியவில்லை. தெரிந்ததும் முகம் வெளுத்துப்போயிற்று. மெல்ல, மிக மெல்ல, வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

உள்ளே தட்டல் நின்றது.

"கோபால் சார்..." என்றது உள்ளேயிருந்த குரல். "யாரு வந்திருக்கா?"

விளக்கு வெளிச்சம் வாசலை நோக்கித் திரும்பியது.

அந்த முழங்காலோடு கோபாலசாமி அந்த உயரத்திலிருந்து குதித்தார் என்றால் நம்புங்கள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். கார் பதினெட்டு மைலைத் தாண்டி ஃப்ரீவேயில் ஏறுகிற வரை இரண்டு பேரும் பின்னால் திரும்பவில்லை. அவர் வாய் ஓயாமல் "முருகா, முருகா" என்றது. அவள் பேசவில்லை. அதிர்ச்சியில் இருக்கிறாள் என்று அவர் நினைத்தார்.

குரல் அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. மதன் அவளை டாலஸில் மூன்று டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக அசைகிறது, சத்தம் வந்தே ஆக வேண்டும் என்றார்கள். இருமினால் சத்தம் வராது. தும்மினால்கூட வராது. கண்ணை மூடிக்கொண்டால் அவள் பக்கத்தில் இருப்பதே தெரியாது. வெண்பா முதல் வாரம் பயந்து அவளிடம் வரவே இல்லை. அப்புறம் ஒரு நாள் மடியில் ஏறி, அம்மாவின் உதட்டை இரண்டு விரலால் பிடித்துத் திறந்து, "ப்ளீஸ், ஜஸ்ட் ஒன் வேர்ட்" என்றாள். அதைப் பற்றி முகிலன் இதற்கு மேல் சொல்ல மாட்டான்.

கோபாலசாமி எழுதிய தாளில் தொண்ணூறு வரைதான் வான்மதி சொன்னது. மிச்சம் நூற்று நாற்பத்தொன்பது அளவுகள் அது சொன்னவை. பிப்ரவரியில் வேறு கம்பெனியிலிருந்து ஒல்லியாக இரண்டு பேர் ஒன்றாக உள்ளே போய் எல்லாவற்றையும் மறுபடி அளந்தார்கள். ஒன்றுகூடப் பிசகவில்லை. கோபாலசாமி அந்த மாதமே வேலையை விட்டுப் பொள்ளாச்சிக்குப் போய்விட்டார்.

நடந்ததை எல்லாம் டேல் இங்கிலாந்துக்கு எழுதிக் கேட்டார். ஒரு வரியில் பதில் வந்தது. 'அந்தப் பெண் உள்ளே தனியாகவா இருந்தார்?' ஆமாம் என்று எழுதினார். அதற்கு வந்த பதிலில் எஞ்சினை உடனே திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். வேறு எதுவும் இல்லை. அப்புறம் அவர் எத்தனையோ தடவை கேட்டும் யாரும் எழுதவில்லை.

மார்ச்சில் ஹூஸ்டன் துறைமுகத்துக்குக் கொண்டுபோக ஒரு பெரிய டிரெய்லரில் எஞ்சினை ஏற்றினார்கள். வான்மதி போயே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தாள். போனில் டைப் செய்து மதனிடம் நீட்டினாள்: 'அது கப்பல் ஏறிட்டா நான் எங்க போய்க் கேக்கறது?' அவன் தடுக்கவில்லை. கூட்டிக்கொண்டு போனான். இனிமேல் சொல்லப்போவது அவளே முகிலனுக்கு எழுதி அனுப்பியது. அவன் ஒரே ஒரு தடவை எனக்குப் படித்துக் காட்டினான்.

சாயங்காலம். சங்கிலியெல்லாம் போட்டு இறுக்கிவிட்டு ஆட்கள் அந்தப் பக்கம் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் டிரெய்லர் மேல் ஏறி, எஞ்சினின் இடது பக்கம் போய், வெளித் தகட்டில் காதை வைத்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. தன் ரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும்.

பிறகு, ரொம்ப ஆழத்தில்...

"ஒண்ணு" என்றது அவளுடைய குரல். மெதுவாக, பொறுமையாக.

பிறகு ஓர் ஆண் குரல். வயதானவன். தமிழுக்கு நாக்கு புரளாமல், தடுமாறி, "ஒன்...னு" என்றது.

"ரெண்டு."

"ரென்...டு."

"மூணு."

இந்தத் தடவை இரண்டு ஆண்கள் சொன்னார்கள்.

"வான்மதி, போலாம் வா, டிரெய்லர் கிளம்பப் போகுது" என்று கீழேயிருந்து மதன் கூப்பிட்டான். அவளுக்குக் கேட்டது. காதை எடுக்க முடியவில்லை.

"நாலு" என்றது அவள் குரல். நாலைந்து பேர் திருப்பிச் சொன்னார்கள்.

அந்த நாலு அங்குலத்துக்குள்ளே அவள் குரல் சற்று நிறுத்தியது. எல்லாரும் தயாராகட்டும் என்று காத்திருப்பது போல.

"அஞ்சு."

ஒரு பள்ளிக்கூடம் கொள்ளாத அளவுக்கு ஆட்கள், ஒரே குரலில், துளிப் பிசிறில்லாமல் சொன்னார்கள்.

"அஞ்சு."